இரண்டு நாள் ஊர்சுற்றல்: கையைக் கடிக்காமல் எங்கே சாப்பிடுவது?

வெள்ளிக்கிழமை ராத்திரி போய் இறங்கி, ஞாயிறு சாயங்காலம் திரும்பும் பயணத்தில் மொத்தம் ஆறு வேளைச் சாப்பாடுதான் வரும். வெள்ளி இரவு ஒன்று, சனிக்கிழமை மூன்று, ஞாயிறு இரண்டு. டிக்கெட்டுக்கும் அறைக்கும் நாலு தளங்களைத் திறந்துவைத்து விலை ஒப்பிடுகிறவர்கள்கூட, இந்த ஆறு வேளை விஷயத்தில் "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஊர் திரும்பிக் கணக்குப் பார்த்தால், சாப்பாட்டுச் செலவு அறை வாடகைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

கிளம்பும் முன்பே யோசிக்கிறவர்களுக்கு வேறு குழப்பம். அறையோடு காலை உணவும் சேர்த்து எடுத்துவிடலாமா? தெருக்கடையில் சாப்பிட்டால் மிச்சமாகுமா, வயிறு கெடுமா? சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுத்தால் என்ன? பஃபேயில் ஒரு வேளை மூக்குமுட்டச் சாப்பிட்டு அடுத்த வேளையைத் தள்ளிவிட்டால்? தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. தனித்தனியாகப் பதில் சொன்னால் சரிவராது. எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வேளையையும் மலிவாக்க வேண்டியதில்லை. மதியத்தை அன்றைய பெரிய சாப்பாடாக வைத்து, அதை உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டால், காலையும் இரவும் தானாகச் சுருங்கிவிடும். பணம் கரைவது பெரும்பாலும் யோசித்து வைத்த வேளையில் இல்லை. எந்த யோசனையும் இல்லாமல், கால் வலியோடும் பசியோடும் நடுத்தெருவில் நிற்கும் மூன்றரை மணிக்குத்தான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

பில்லின் கடைசி வரி. மெனுவில் பார்த்த விலையும் கடைசியில் கொடுக்கும் தொகையும் ஒன்றல்ல. ஒரு சாப்பாட்டின் விலை 10 என்று வைத்துக்கொள்வோம், எந்த நாட்டுக் காசாகவும் இருக்கட்டும். இரண்டு பேருக்கு 20. பாட்டில் தண்ணீர் 2. உட்கார்ந்ததும் கேட்காமலே கொண்டுவந்து வைத்த சின்னத் தட்டு 3. ஆக 25. அதன்மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம், வரி 10 சதவீதம் என்றால் பில் 30. வாசலில் 20 என்று பார்த்து உள்ளே போனவர் 30 கொடுத்துவிட்டு வெளியே வருகிறார். யாரும் ஏமாற்றவில்லை; எல்லாம் மெனுவின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததுதான். சில நாடுகளில் மெனு விலையிலேயே வரி அடங்கியிருக்கும், சில நாடுகளில் பில்லில்தான் சேரும். சில இடங்களில் உட்காருவதற்கே தலைக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம் உண்டு. அதனால் ஒப்பிடும்போது கடைசி வரியோடு கடைசி வரியை ஒப்பிட வேண்டும்.

நேரம். சனிக்கிழமை காலை எட்டு முதல் இரவு பத்து வரை 14 மணி நேரம். ஞாயிறு காலை எட்டு முதல் மாலை நாலு வரை 8 மணி நேரம். ஊரைப் பார்க்க உங்களிடம் இருப்பது இந்த 22 மணி நேரம்தான். பேர்பெற்ற கடை வாசலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றால் அதுவும் செலவுதான்.

வயிறு. நிறைகிறதா என்பது ஒன்று, ஒத்துக்கொள்கிறதா என்பது இன்னொன்று. ஒரு வாரப் பயணத்தில் அரைநாள் படுத்துக் கிடந்தால் சமாளித்துவிடலாம். இரண்டு நாள் பயணத்தில் அது பயணத்தையே தின்றுவிடும்.

கால். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஊர்சுற்றும் நாளில் உட்கார ஒரு நாற்காலி, கழிவறை, நிழல், போனுக்குச் சார்ஜ் எல்லாமே தேவை. சாப்பாட்டோடு இவை கிடைக்காத இடத்தில் சாப்பிட்டால், இவற்றுக்காகவே கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கடைக்குள் நுழைந்து வேண்டாத ஒரு காபி வாங்குவோம்.

ஊரின் ருசி. சாப்பாடும் ஊரைப் பார்ப்பதில் ஒரு பகுதி. வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்து, அந்த ஊரின் எதையும் ருசிக்காமல் திரும்புவதை நான் சிக்கனம் என்று சொல்ல மாட்டேன்.

## அறையோடு வரும் காலை உணவு

கணக்கு எளிது. ஒரே அறைக்குக் காலை உணவோடு என்ன வாடகை, இல்லாமல் என்ன வாடகை என்று பாருங்கள். வித்தியாசத்தை ஆட்களால் வகுத்து, பக்கத்துப் பேக்கரியில் ஒருவர் காலையில் சாப்பிட ஆகும் செலவோடு ஒப்பிடுங்கள். ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. உட்கார்ந்து வயிறார சாப்பிடலாம், கழிவறை தேட வேண்டாம், வேண்டுமானால் திரும்ப அறைக்குப் போகலாம்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. வாடகை பொதுவாக இரண்டு பேரைக் கணக்கில் வைத்துப் போட்டது. மூன்றாவது ஆளுக்கும் குழந்தைக்கும் அங்கே போனபிறகு தனியாகக் கேட்பார்கள். இரண்டாவது, காலை நேரம். எந்த ஊரும் காலை ஏழிலிருந்து ஒன்பதுவரைதான் கூட்டமில்லாமல் இருக்கும். சந்தை களைகட்டுவதும் அப்போதுதான். அந்த இரண்டு மணி நேரத்தை விடுதியின் சாப்பாட்டு அறையில் தட்டு நிரப்புவதில் கழித்தால், பிறகு பத்து மணி வெயிலில் கூட்டத்தோடு நிற்க வேண்டியதுதான். வார இறுதியில் சில விடுதிகள் காலை உணவையே தாமதமாகத் தொடங்கும். விடிகாலையில் கிளம்ப நினைத்தவருக்குக் கொடுத்த காசு வீண்.

சிறு குழந்தைகள் இருந்தால், சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட வேண்டிய பெரியவர்கள் இருந்தால், இது நல்ல வழி. மற்றவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு: பல விடுதிகளில் அன்றன்றைக்குக் காசு கொடுத்தும் சாப்பிடலாம். சனிக்கிழமை சீக்கிரம் வெளியே போய்விடுங்கள். ஞாயிறு தாமதமாக எழுந்து, கனமாகச் சாப்பிட்டு, அறையைக் காலி செய்யுங்கள். மதியத்தை அதிலேயே பாதி முடித்த மாதிரி ஆகும்.

## மதியம், உணவகத்தில் உட்கார்ந்து

நான் முதலிடம் கொடுப்பது இதற்கு. இரவில் ஒரு தட்டு இன்ன விலை என்று விற்கும் அதே உணவகம், மதியத்தில் இரண்டு மூன்று பதார்த்தம் சேர்த்துக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறது என்றால் அதற்குக் காரணம் உண்டு. வாடகையும் சம்பளமும் மேஜை காலியாக இருந்தாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். செட் சாப்பாட்டில் இரண்டு மூன்று வகைதான். மொத்தமாகச் சமைத்துவிடலாம், வீணாவது குறைவு, மேஜைக்கு வர ஐந்து நிமிடம். வருகிறவரும் முக்கால் மணியில் எழுந்துவிடுவார். அந்த மிச்சத்தில் ஒரு பங்குதான் நமக்கு வருகிறது. சமையல்காரரும் அடுப்பும் அதேதான்.

ஆனால் வார இறுதிப் பயணிக்கு இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பல உணவகங்களில் மதியச் சலுகை திங்கள் முதல் வெள்ளி வரைதான். அது அலுவலகக்காரர்களுக்காகப் போட்டது. சனி, ஞாயிறில் அதே கடையில் முழு விலை மெனு வரும், அல்லது வார இறுதிக்கென்று விலை கூடிய ஒரு மெனு வரும். அலுவலகங்கள் நிறைந்த பகுதியில் பாதிக் கடைகள் அன்று பூட்டியே கிடக்கும். கல்லூரி கேன்டீன்களும் அப்படித்தான். அதனால் வார இறுதியில் குடியிருப்புப் பகுதிக்கும் சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களுக்கும் போங்கள். அங்கே சனிக்கிழமைதான் வியாபாரமே. முன்கூட்டியே உணவகத்தின் மெனுவைப் பார்க்கிறவர்கள் "வார நாட்களில் மட்டும்" என்ற வரி இருக்கிறதா என்று ஒரு கண் ஓட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று நேரம். மதியச் சாப்பாடு முடிந்து இரவுக்குத் திறக்கும் வரை அடுப்பை அணைத்துவிடும் உணவகங்கள் பல ஊர்களில் உண்டு. கதவு திறந்திருக்கும், காபி கிடைக்கும், சமையல் இருக்காது. ஒன்றரை மணிக்கு "இன்னும் ஓர் இடம் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள் மூன்றரைக்கு வந்து நின்றால், அப்போது அடுப்பு எரிவது முக்கியச் சதுக்கத்தைப் பார்த்து மேஜை போட்டிருக்கும் கடைகளில்தான். அங்கே கொடுப்பது பாதி சாப்பாட்டுக்கு, பாதி காட்சிக்கு. நடந்து களைத்தவர் மெனுவின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்க மாட்டார் என்பதும் சேர்ந்துகொள்கிறது. எனவே சீக்கிரமே போய்விடுங்கள். கடை திறந்த முதல் அரை மணியில் இடம் கிடைக்கும், செட் சாப்பாட்டின் நல்ல வகை தீர்ந்திருக்காது, பரிமாறுகிறவருக்கும் பதில் சொல்ல நேரம் இருக்கும்.

உட்காரும் முன் கேட்க வேண்டியவை மூன்று: செட்டில் குடிப்பதற்கு ஏதும் சேருமா, வரியும் சேவைக் கட்டணமும் விலையில் அடங்கியதா, குழாய்த் தண்ணீர் தருவார்களா. கேட்காமல் வைத்த தட்டு வேண்டாம் என்றால் தொடுவதற்கு முன்பே சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்துவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பில்லில் சேவைக் கட்டணம் இருந்தால் அதன்மேல் டிப்ஸ் கட்டாயம் இல்லை.

யாருக்கு இது ஒத்துவராது? மதியம் ஒரு மணி நேரம் உட்காரப் பொறுமை இல்லாதவர்களுக்கும், வயிறு நிறைந்தால் நடக்க முடியாதவர்களுக்கும். மற்ற எல்லோருக்கும், நாளின் நடுவில் ஒரு மணி நேரம் காலுக்கு ஓய்வு கொடுப்பதே இதன் பாதி லாபம்.

## தெருக்கடையும் சந்தையும்

ஊரின் ருசி என்ற அளவுகோலில் இதற்கு மேல் ஒன்று கிடையாது. ஒரே பதார்த்தத்தை வருடக்கணக்காக ஒரே கையால் செய்துகொண்டிருப்பவரிடம் நின்று வாங்கிச் சாப்பிடுவதில் கிடைப்பது பெரிய உணவகத்தில் கிடைக்காது. விலையும் குறைவு, ஏனென்றால் நாற்காலிக்கும் விளக்குக்கும் நாம் வாடகை கொடுப்பதில்லை.

பயம் வயிற்றைப் பற்றித்தான். தெருக்கடை என்றாலே கெடுதல் என்று ஒதுக்க வேண்டாம்; எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, சூடாகப் பரிமாறுவது 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். தெர்மாமீட்டரோடு யாரும் போக முடியாது. ஆனால் வண்டியருகே இரண்டு நிமிடம் நின்றால் கண்ணுக்கே தெரிந்துவிடும். நமக்கு வருவது இப்போது அடுப்பிலிருந்து இறங்கியதா, குவித்து வைத்ததிலிருந்து எடுத்ததா? காசு வாங்கும் கையும் உணவைத் தொடும் கையும் ஒன்றா? தட்டைக் கழுவுவது ஓடும் தண்ணீரிலா, காலையிலிருந்து ஒரே வாளியில் முக்கி எடுப்பதா? எண்ணெய் கறுத்து, நுரை கட்டி, மூக்கைக் கரிக்கிறதா? வரிசை நகர்ந்துகொண்டே இருந்தால் நல்லது. உணவு கிடந்து ஆற நேரமில்லை என்று அர்த்தம். பச்சையாக நறுக்கியதையும், பனிக்கட்டியையும், குடிநீர் எது என்று தெரியாத ஊரில் தள்ளிவைப்பது நல்லது.

சாதம் விஷயத்தில் தனியாக ஒரு வார்த்தை. பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சமைத்த பிறகும் சாகாமல் இருக்கும். சாதம் வெளியிலேயே நெடுநேரம் ஆறிக் கிடந்தால் முளைத்து நச்சை உண்டாக்கும். வாந்தியைக் கொண்டுவரும் அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. ஆகவே சாயங்காலம் ஆவி பறக்க வறுத்துக் கொடுக்கிறார்களே என்று நம்பிவிட முடியாது. அந்தச் சாதம் எப்போது வடித்தது, எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி.

செலவில் ஒளிந்திருப்பது, எண்ணிக்கை. ஒவ்வொன்றும் சின்ன விலைதானே என்று இங்கே ஒன்று, அங்கே ஒன்று, அப்புறம் ஒரு ஜூஸ் என்று போனால், எழும்போது உணவகச் சாப்பாட்டைத் தாண்டியிருக்கும், வயிறோ அரைவயிறு. எடைக்கு விற்கும் கடையில் போர்டில் இருப்பது 100 கிராமுக்கான விலையாக இருக்கலாம். தட்டில் போடும் முன்பே மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். கையில் ரொக்கம் வேண்டும். வெளிநாட்டில் ஏடிஎம்மில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் தனிக் கட்டணம் விழக்கூடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் ஒரே தடவையாக எடுப்பது மேல்.

சந்தை என்ற பெயர் இருப்பதெல்லாம் மலிவும் அல்ல. காய்கறி வாங்க உள்ளூர்க்காரர்கள் வரும் சந்தை வேறு. படம் எடுக்க வருகிறவர்களுக்காகக் குச்சியில் செருகி விற்கும் சந்தை வேறு. பையோடு வருகிறவர்கள் அதிகமா, கேமராவோடு வருகிறவர்கள் அதிகமா என்று பார்த்தாலே போதும். மலிவான கடை என்று கேள்விப்பட்டு ஊரின் மறுகோடிக்கு வண்டி பிடித்துப் போவதும் வேண்டாத வேலை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர்களுக்குச் சனிக்கிழமை இரவு இதுதான் சிறந்தது. மழை, கைக்குழந்தை, உணவு ஒவ்வாமை, மறுநாள் காலை நீண்ட பேருந்துப் பயணம் இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு வழி பாருங்கள்.

## சூப்பர்மார்க்கெட்டும் பேக்கரியும்

காலை உணவுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ரொட்டி, பழம், தயிர், கொஞ்சம் நட்ஸ். வெள்ளி ராத்திரியே வாங்கி அறையில் வைத்துவிட்டால் சனிக்கிழமை ஏழு மணிக்கு வாசலைத் தாண்டிவிடலாம்.

கடை மூடும் நேரத்தை ஒட்டி அன்றைய உணவுக்கு விலை குறைத்து ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். வாங்கலாம், ஆனால் தேதியைப் பார்க்கத் தெரிய வேண்டும். "இதற்குள் சாப்பிட வேண்டும்" என்பது பாதுகாப்பு பற்றியது, தாண்டக் கூடாது. "இதுவரை சிறந்தது" என்பது தரம் பற்றியது, ஒரு நாள் தாண்டினால் மொறுமொறுப்பு குறையலாம், அவ்வளவுதான். மிஞ்சும் உணவைக் கடைசி நேரத்தில் குறைந்த விலைக்கு விற்கும் செயலிகளும் இருக்கின்றன. டூ குட் டு கோ என்ற செயலி 2015-இல் டென்மார்க்கில் தொடங்கி இப்போது பல நாடுகளில் ஓடுகிறது. பையில் என்ன இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. அவர்கள் சொல்லும் நேரத்துக்குள் போய் வாங்க வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களும் ஒவ்வாமை உள்ளவர்களும் இதை நம்பி இறங்க வேண்டாம்.

இதில் கையைக் கடிப்பது, பெரிய பாக்கெட். இரண்டு பேர் இரண்டு நாளில் தின்று தீர்க்க முடியாததை வாங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை குப்பையில் போடுவது. ஸ்பூன், சின்னக் கத்தி, ஒரு டப்பா வீட்டிலிருந்தே எடுத்துப்போனால் நல்லது; விமானத்தில் கைப்பையோடு மட்டும் போகிறவர்கள் கத்தியை விட்டுவிடுங்கள். இரண்டு நாளும் முழுக்க இதையே சாப்பிடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சனி இரவு விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து குளிர்ந்த ரொட்டியைக் கடிப்பதற்காக யாரும் ஊர் விட்டு ஊர் போவதில்லை.

## சமையலறை உள்ள வீடு

ஒரு வாரம் தங்கினால் இதைவிட மிச்சம் கிடையாது. இரண்டு ராத்திரிக்கு, பெரும்பாலும் நட்டம். சுத்தம் செய்யும் கட்டணம் ஒரே தொகை. ஏழு நாளுக்குப் பிரிந்தால் தெரியாது, இரண்டு நாளுக்குப் பிரிந்தால் தெரியும். எண்ணெய், உப்பு, மசாலா எல்லாம் புதிதாக வாங்கிக் கால்வாசிகூடத் தீராமல் விட்டுவர வேண்டும். இப்படிப்பட்ட வீடுகள் பல நேரம் மையத்திலிருந்து தள்ளித்தான் கிடைக்கும் என்பதால் போக்குவரத்துச் செலவும் ஏறும். எல்லாவற்றுக்கும் மேல், 22 மணி நேரத்தில் மூன்று மணி நேரம் தெரியாத அடுப்போடும் மொண்ணைக் கத்தியோடும் போகும். வீட்டில் யார் சமைக்கிறார்களோ அவர்களுக்கு அது விடுமுறையும் அல்ல.

கைக்குழந்தைக்குத் தனியாகச் சமைக்க வேண்டியவர்கள், மருத்துவர் சொன்ன பத்தியம் உள்ளவர்கள், நாலைந்து பேராகப் போகிறவர்கள் இதை எடுக்கலாம். மற்றவர்களுக்கு அறையில் ஒரு மின்கெட்டிலும் சின்ன ஃபிரிட்ஜும் இருந்தாலே சமையலறையின் முக்கால் பயன் கிடைத்துவிடும்.

## பஃபே, டெலிவரி, ஃபுட் கோர்ட்

பஃபே நன்றாகச் சாப்பிடுகிறவருக்கும், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ருசி பார்க்க நினைப்பவருக்கும் ஏற்றது. கொடுத்த காசுக்குச் சாப்பிட்டாக வேண்டும் என்று சாப்பிட்டால் அன்றைய மதியம் முழுவதும் கால் நகராது. பானங்கள் பெரும்பாலும் தனி. நேரம் முடியும் தறுவாயில் போகாதீர்கள். இரண்டு மணி நேரமாகத் திறந்து கிடக்கும் தட்டுதான் மிஞ்சியிருக்கும்.

டெலிவரி செயலி வெள்ளிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு, தெரியாத ஊரில், பையோடு வந்து இறங்கியவருக்கு உதவும். அதற்கு மேல் இரண்டு நாள் பயணத்தில் அதற்கு வேலை இல்லை. செயலிகள் உணவகங்களிடம் 15 முதல் 30 சதவீதம் வரை கமிஷன் வாங்குவது சாதாரணம். அதை ஈடுகட்டப் பல கடைகள் செயலியில் விலையைக் கூட்டிப் போடுகின்றன. அதன்மேல் டெலிவரி கட்டணம், செயலிக் கட்டணம், சிறிய ஆர்டர் என்றால் இன்னொரு கட்டணம். அதே கடைக்குப் பத்து நிமிடம் நடந்து பார்சல் வாங்கினால் இவை எதுவும் இல்லை.

ஃபுட் கோர்ட்டும் சங்கிலி உணவகமும் ருசிக்காகப் போகும் இடம் அல்ல. ஆனால் ஆளுக்கு ஒன்று கேட்கும் குடும்பத்துக்கு, மழை நாளுக்கு, கழிவறை அவசரத்துக்கு அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். விலை தெரிந்தது, காத்திருப்பு குறைவு, யாரும் எழுப்பிவிட மாட்டார்கள். ஒரு வேளைக்குச் சரி.

## ஒரே பார்வையில்

| வழி | செலவு | நேரம் | காலுக்கு ஓய்வு | ஊரின் ருசி | எங்கே கையைக் கடிக்கும் |
|---|---|---|---|---|---|
| அறையோடு காலை உணவு | நடுத்தரம் | காலை நேரம் போகும் | நன்று | குறைவு | மூன்றாவது ஆள், குழந்தை |
| மதியச் செட் சாப்பாடு | குறைவு முதல் நடுத்தரம் | ஒரு மணி நேரம் | மிக நன்று | நன்று | வார நாள் சலுகை, தண்ணீர், சேவைக் கட்டணம் |
| தெருக்கடை, சந்தை | குறைவு | குறைவு, வரிசை இல்லாவிட்டால் | இல்லை | மிக நன்று | எண்ணிக்கை, எடை விலை, வயிறு |
| சூப்பர்மார்க்கெட், பேக்கரி | மிகக் குறைவு | மிகக் குறைவு | இல்லை | கொஞ்சம் | பெரிய பாக்கெட் |
| சமையலறை உள்ள வீடு | இரண்டு நாளுக்கு அதிகம் | நிறைய | நன்று | இல்லை | சுத்தக் கட்டணம், போக்குவரத்து |
| பஃபே | நடுத்தரம் முதல் அதிகம் | ஒன்றரை மணி | நன்று | கடைக்குக் கடை மாறும் | பானங்கள், மந்தமான பிற்பகல் |
| டெலிவரி | அதிகம் | காத்திருப்பு | அறையிலேயே | கொஞ்சம் | கட்டணத்தின் மேல் கட்டணம் |
| ஃபுட் கோர்ட் | நடுத்தரம் | குறைவு | நன்று | குறைவு | கூடவே வாங்கும் பானம், இனிப்பு |

## ஆறு வேளையை எப்படிப் பிரிப்பது

தனியாகவோ ஜோடியாகவோ போகிறவர்களுக்கு: வெள்ளி இரவு கிளம்பும் இடத்திலேயே சாப்பிட்டுவிடுவது அல்லது கட்டிக்கொண்டு போவது. சனி காலை பேக்கரி. சனி மதியம் பன்னிரண்டு மணிக்கே உணவகம், கையைச் சுருக்காமல். இரவு சந்தை. ஞாயிறு தாமதமான, கனமான காலை உணவு. ஞாயிறு மதியம் சின்னதாக ஏதாவது.

குழந்தைகளோடு என்றால் சனி காலையை அறையோடு சேர்த்துவிடுங்கள், இரவை ஃபுட் கோர்ட்டுக்கோ பார்சலுக்கோ மாற்றுங்கள். எட்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையோடு சந்தைக் கூட்டத்தில் நிற்க வேண்டாம். பெரியவர்களோடு போனால் மதியமும் இரவும் உட்கார்ந்து சாப்பிடும் இடமாகவே இருக்கட்டும். அவர்களுக்கு இரவில் ஒரு சூப்போ கஞ்சியோ போதுமாக இருக்கும் என்பதால் செலவு ஒன்றும் ஏறாது. ஐந்தாறு நண்பர்கள் என்றால் சனிக்கிழமை இரவு உணவகத்தில் இடம் கிடைப்பதே பாடு. பெரிய மேஜைக்கு முன்பணம் கேட்கும் கடைகளும் உண்டு. அதையும் மதியத்துக்கு மாற்றிவிட்டால் தொல்லை இல்லை.

வேளைகளுக்கு நடுவில் போகும் காசையும் பாருங்கள். தண்ணீர் பாட்டில், காபி, "சும்மா ஒரு" ஐஸ்கிரீம், நாலு பேருக்கு நாலு தடவை என்றால் ஒரு முழுச் சாப்பாடு போய்விட்டது. காலிப் பாட்டில் ஒன்று ஆளுக்கு எடுத்துப்போங்கள். விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவத்தைப் பல நிலையங்களில் விடமாட்டார்கள், காலிப் பாட்டிலை விடுவார்கள். உள்ளே போய் நிரப்பிக்கொள்ளலாம். மூன்றரை மணிப் பசிக்குப் பையில் பழமோ நட்ஸோ எப்போதும் இருக்கட்டும். வெளிநாட்டில் கார்டைத் தேய்க்கும்போது "உங்கள் நாட்டுப் பணத்தில் செலுத்தவா?" என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், முதல் வழியில் போட்டுக்கொள்ளும் மாற்று விகிதம் பொதுவாக நமக்கு நட்டம்.

கடைசியாக, ஞாயிறு சாயங்காலம். ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் உள்ளே போனபின் வேறு கடை கிடையாது, விலையும் அதற்கேற்றபடி இருக்கும். சோர்ந்துபோய், பையைத் தூக்கிக்கொண்டு, திரும்பும் வருத்தத்தோடு நிற்கும்போது எந்த விலையும் சரியென்றே தோன்றும். மதியம் மூன்று மணிக்கு, இன்னும் ஊருக்குள் இருக்கும்போதே, அதே பேக்கரியில் இரவுக்கும் ஒரு பார்சல் கட்டிக்கொள்ளுங்கள். குழம்பு, சட்னி மாதிரி ஒழுகுவது வேண்டாம். வழியில் சிந்தும், விமானம் என்றால் அதுவும் திரவக் கணக்கில் சேரும்.